எதையும் தொடவில்லை என்றொரு வரி

கரியமாங்கா மலையூர்ப் பேருந்து நிலையத்தின் பார்சல் ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து டிக்னா ஒரு பாலாடைக்கட்டிப் பெட்டிக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தபோது, மேசைமேல் கிடந்த கைப்பேசி அதிர்ந்தது. முப்பத்துநான்கில் தொடங்கும் எண். ஸ்பெயின். மார்ச் மாதம் வரைக்கும் அந்த எண்ணைக் கண்டால் கயிற்றைப் பல்லில் கடித்துக்கொண்டாவது எடுத்துவிடுவாள். மூர்சியா நகரத்திலிருந்து அண்ணன் எர்மெல் பேசுவான். இப்போது அண்ணன் இல்லை. வயலுக்கு ஆட்களை ஏற்றிப்போன வண்டியிலேயே, ஜன்னலில் தலை சாய்த்தபடி அவன் இறந்து எழுபது நாளாகிவிட்டது. இப்போது அப்படித் தொடங்கும் எண்ணில் வருவது ஒரு பெண்குரல். மிக மரியாதையாகப் பேசும். "இறந்தவருக்கு நீங்கள் என்ன உறவு" என்று ஒவ்வொரு முறையும் புதிதாகக் கேட்கும்.

பெட்டியை வாங்க வந்த, லோஹா நகரத்துக்குப் போகும் வண்டியின் ஓட்டுநர் சிரித்தான். "என்னக்கா, அடிச்சுக்கிட்டே இருக்கு, எடுக்க மாட்டேங்கற. கடன்காரனா?"

"உன் மாமியார்தான். உன்னைப் பத்தி விசாரிக்கணுமாம்" என்றாள் டிக்னா. அவன் போனபிறகு கயிற்றின் முடிச்சைப் பார்த்தாள். ஒரே இடத்தில் நான்கு முடிச்சுப் போட்டிருந்தாள்.

எர்மெல் மூர்சியாவில் வீடு வாங்கியது பத்தொன்பது வருடங்களுக்கு முன்னால். மூன்றாவது மாடி, சிவப்புச் செங்கல், பால்கனியில் துணிக்கொடி. அந்தப் படத்தை அப்பா அப்தோன், மலைமேல் இருக்கும் தன் வீட்டுச் சுவரில் மாட்டியிருந்தார். அந்த வீட்டை வங்கி எடுத்துக்கொண்டே பதிமூன்று வருடமாகிறது என்பதை அவன் செத்தபிறகுதான் தெரிந்துகொண்டார்கள். வீடு போயும் கடன் தீரவில்லை. ஏலத்தில் வந்த தொகை போக மீதியும், அதன்மேல் ஏறிய வட்டியும் அவன் பேரிலேயே நின்றன. அவன் எலாதியோ என்ற நண்பனோடு ஒரு வாடகை அறையில் கட்டில் போட்டுப் படுத்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பாவிடம் "வீட்டுக்கு வெள்ளை அடிக்கணும்ப்பா, வெயில் தாங்கல" என்று பேசியிருக்கிறான். டிக்னாவுக்கு அவன்மேல் கோபம்கூட முழுசாக வரவில்லை. பதிமூன்று வருடம் ஒரு பொய்யைச் சலிக்காமல் பார்த்துக்கொள்வதற்கு எவ்வளவு தெம்பு வேண்டும்.

கடன் கொடுத்தவர்கள் சார்பில் அங்கிருந்து தபால் வந்தது. பெண்டாட்டி பிள்ளை இல்லாதவனுக்குத் தகப்பன்தான் வாரிசு. வாரிசுரிமையை ஏற்கிறாரா மறுக்கிறாரா என்று முப்பது நாளில் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் ஏற்றதாக அர்த்தம். ஏற்றால் கடனும் அவருடையது. எலாதியோ பிடித்துக்கொடுத்த வக்கீல் தொலைபேசியில் நிதானமாக விளக்கினார். சொத்துக்கு மேல் கடன் போகாதபடி பட்டியல் போட்டு ஏற்கிற வழியும் உண்டு, ஆனால் அதற்குச் செலவு, இழுபறி. இருக்கிற சொத்தோ இரண்டு பழைய கோட்டும், ஊர்க் கூட்டுறவு வங்கியில் ஏதோ கொஞ்சமும். மறுத்துவிடுவதே நல்லது. "ஆனா ஒண்ணு" என்றார். "உங்க அப்பா மறுத்தா அது அடுத்த ஆளுக்குப் போகும். அது நீங்க. ரெண்டு பேரும் ஒரே நாள்ல கையெழுத்துப் போட்டுடுங்க. அப்புறம், உங்க அண்ணன் செத்தப்புறம் அவர் பணத்தை யாரும் எடுத்துச் செலவு பண்ணலியே? எடுத்திருந்தா ஏத்துக்கிட்டதாவே ஆயிடும்."

"இல்ல சார்" என்றாள் டிக்னா. யோசிக்காமல் வந்த பதில் அது. பார்சலில் என்ன இருக்கிறது என்று கேட்டால் எல்லோரும் "துணிதான்" என்று சொல்வார்களே, அதுபோல.

கூட்டுறவு வங்கியின் அட்டையை எர்மெல்தான் அவளிடம் கொடுத்துவைத்திருந்தான். அப்பாவின் ரத்தக்கொதிப்பு மாத்திரைக்கு, கூரைத் தகட்டுக்கு, விதைக்கு. அவன் இறந்த ஐந்தாம் நாள், லோஹாவில் நர்சிங் சேர்ந்திருந்த டிக்னாவின் மகள் நயேலிக்குக் கட்டணம் கட்டக் கடைசித் தேதி. "மாமன் கட்டறேன்னு சொல்லு" என்று அவன் குரல்பதிவு அனுப்பியது பிப்ரவரியில். டிக்னா வங்கி இயந்திரத்தின் முன் நின்று, கறுப்பு உடையோடு, ஆயிரத்து இருநூற்று நாற்பது டாலர் எடுத்தாள். அன்றைக்கு அது திருட்டாகத் தோன்றவில்லை. அவன் இன்னும் கொஞ்சம் கூடவே இருப்பதுபோலத்தான் இருந்தது.

வக்கீல் அப்படிக் கேட்டதிலிருந்து அவளுக்குச் சோறு சரியாக இறங்கவில்லை. சட்டம் எங்கேயோ கடலுக்கு அப்பால் இருக்கிறது, இந்த மலையூரில் யார் வந்து பார்க்கப்போகிறார்கள் என்று பகலில் சொல்லிக்கொள்வாள். பிறகு கடன்காரர்களுக்காகப் பேசும் அந்த மரியாதையான பெண்குரல் ஞாபகம் வரும். அப்பா வீட்டு முகவரி, அவள் வேலை பார்க்கும் இடம் எல்லாம் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. இதைத் தெரிந்துகொண்டவர்களுக்கு ஒரு வங்கிக் கணக்கைப் பார்ப்பதா பெரிய காரியம். ஊருக்குள் அவள் பேரில் இருப்பது ஒன்றே ஒன்று: புருஷன் விட்டுப்போனபிறகு பதினோரு வருடம் பார்சல் கட்டிக் கட்டிய இரண்டறை வீடு.

ஆனால் அப்பா கையெழுத்துப் போட மறுத்தார். ஞாயிற்றுக்கிழமை அவள் மலையேறிப் போனபோது அவர் வாசலில் வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார்.

"என் மகன் விட்டுட்டுப் போனது எதுவும் எனக்கு வேணாம்னு நான் எழுதிக் கொடுக்கணுமா?"

"கடனைத்தான்ப்பா வேணாங்கறோம்."

"தாள்ல அப்படியா இருக்கு? 'எதுவும்'னுதான் இருக்கு. படிச்சியே நீ."

"அங்க வீடு இல்லப்பா. வங்கிக்காரன் அதை எப்பவோ எடுத்துக்கிட்டான். நீங்க ஏத்துக்கிட்டா இந்த வீட்டையும் எடுத்துப்பான்."

"எடுக்கட்டும். இந்த மேடு ஏறி வந்து எடுக்கறவனுக்கு நான் காப்பி போட்டுக் கொடுக்கறேன்" என்றார். பிறகு, கடலையைப் பார்த்துக்கொண்டே கேட்டார்: "எதுவும்னா, எதுவுமேதானா?"

சுவரில் இருந்த படத்தை நினைத்துத்தான் கேட்கிறார் என்று டிக்னா எண்ணிக்கொண்டாள். வீடு இன்னும் அங்கே நிற்பதாகவும், வக்கீல்கள் சேர்ந்து கிழவனை ஏமாற்றப் பார்ப்பதாகவும் அவர் நம்புகிறார் என்று. மேலும் வாதாடியிருக்கலாம். வாதாடவில்லை. இறங்கி வரும் வழியில்தான் அவளுக்கு உறைத்தது: அவர் மாட்டேன் என்றபோது தனக்குள் ஏதோ தளர்ந்து இலகுவானது. அவர் வாரிசுரிமையை மறுக்காதவரை அந்தக் கடன் அவளிடம் வராது. அவர் வீடு போகலாம், கடலைக் கொல்லை போகலாம், அவளுடையது போகாது. பாதையோரக் கல்லில் உட்கார்ந்துவிட்டாள். கால் வலி என்று எதிரே வந்தவர்களிடம் சொன்னாள்.

கெடுவுக்கு ஒன்பது நாள் இருக்கும்போது அப்பா தானாகவே இறங்கி வந்தார். பக்கவாட்டில் திறந்த மரக்கூண்டுப் பேருந்தில், வெள்ளைச் சட்டை, தொப்பி, கையில் மடித்த தபால். பார்சல் ஜன்னலுக்கு முன் வந்து நின்று, "நோட்டரியம்மாகிட்ட கூட்டிட்டுப் போ. அவளை ஒண்ணு கேக்கணும். உன்னைக் கேட்டா நீ வக்கீல் மாதிரி பேசறே" என்றார்.

நோட்டரி அஸுசேனா ஐம்பது வயதுக்காரி. தொண்டையில் சளி கட்டிக்கொண்டு, கழுத்தில் சால்வை சுற்றியிருந்தாள். அப்பாவை எதிரே உட்காரவைத்து, ஸ்பெயின் வக்கீல் அனுப்பிய மாதிரியிலிருந்து தயார் செய்திருந்த முதல் தாளைச் சத்தமாகப் படித்தாள். முழுமையாகவும், எந்த நிபந்தனையும் இன்றியும், என் மகனின் வாரிசுரிமையை மறுக்கிறேன். அப்பா தொப்பியை முழங்காலில் வைத்துக்கொண்டு கேட்டார்.

"புரிஞ்சுதா ஐயா?"

"புரிஞ்சுது. இதுல கையெழுத்துப் போட்டா, அவன் சாம்பலை யாருக்குக் குடுப்பாங்க?"

நோட்டரி டிக்னாவைப் பார்த்தாள். டிக்னா அப்பாவைப் பார்த்தாள்.

"அங்க ஒரு அலமாரியில வச்சிருக்காங்களாம். எலாதியோ சொன்னான். குடும்பத்திலேர்ந்து எழுதிக் கேட்டாத்தான் குடுப்பாங்களாம். நான் அவனோடது எதுவும் வேணாம்னு கையெழுத்துப் போட்டுட்டு, அப்புறம் சாம்பலை மட்டும் குடுன்னு எந்த மூஞ்சியோட கேக்கறது? நீதான் எதுவும் வேணாம்னியேய்யான்னு கேட்டா?"

இத்தனை வாரமாக அவர் இதைத்தான் சுமந்துகொண்டிருந்தாரா. டிக்னாவுக்கு முகம் எரிந்தது. ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். அவள் கேட்கவில்லை. கேட்காமலிருப்பது அவளுக்கு வசதியாக இருந்தது.

நோட்டரி கண்ணாடியைக் கழற்றினாள். "ஐயா, சாம்பல் சொத்தில்ல. அதை யாரும் ஏலம் போட முடியாது, யாரும் உரிமை கொண்டாட முடியாது. நீங்க அப்பா. அதுக்கு எந்தக் கையெழுத்தும் குறுக்க வராது. வேணும்னா இப்பவே தனிக் கடிதம் அடிச்சுத் தரேன்."

"முதல்ல அதை அடி."

அவள் அடித்தாள். அப்பா அந்தக் கடிதத்தை இரண்டு முறை படிக்கச் சொல்லிக் கேட்டு, மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்து, அதன்பிறகே மற்றத் தாளில் கையெழுத்துப் போட்டார். அப்தோன் என்ற பெயரை எழுத அவருக்கு நெடுநேரம் பிடித்தது. முடித்ததும் பேனாவைத் துடைத்து மகளிடம் நீட்டினார். "இப்ப நீ போடு. முடிஞ்சுது."

அவளுக்கான இரண்டாவது தாளில் ஐந்து வாக்கியங்கள் இருந்தன. நோட்டரி படித்துக்கொண்டே போனாள். நான்காவது வாக்கியத்தை டிக்னா ஏற்கனவே மனப்பாடமாக அறிந்திருந்தாள். வக்கீல் கைப்பேசிக்கு அனுப்பிய அன்றிலிருந்து தினமும் படித்திருந்தாள். இறந்தவரின் பணத்தையோ பொருளையோ, அவர் இறந்தபின் நான் எடுக்கவும் இல்லை, பயன்படுத்தவும் இல்லை. பேனா கையில் இருந்தது. போட்டுவிட்டால் முடிந்தது. பக்கத்தில் அப்பா நிம்மதியாக மூச்சுவிடும் சத்தம் கேட்டது. பைக்குள் இருந்த கடிதத்தை அவர் வெளியிலிருந்து ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"நான் எடுத்தேன்" என்றாள் டிக்னா.

"என்னத்தை?" என்றார் அப்பா.

"அண்ணன் கணக்கிலேர்ந்து. அஞ்சாம் நாள். நயேலி பீஸுக்கு." தொகையையும் சொன்னாள். சொல்லும்போது அது வங்கி இயந்திரத்தின் முன் இருந்ததைவிடப் பெரிதாகக் கேட்டது.

நோட்டரி இருமிவிட்டு, இரண்டாவது தாளைத் தன் பக்கம் இழுத்துக் கவிழ்த்து வைத்தாள்.

"அவன் குடுத்திருப்பான்" என்றார் அப்பா, நோட்டரியிடம். "அவனே கட்டறேன்னு சொன்னான். எனக்குத் தெரியும்."

"குடுத்திருப்பார் ஐயா. உயிரோட இருந்திருந்தா." நோட்டரி டிக்னா பக்கம் திரும்பினாள். "இதைத் தெரிஞ்சுக்கிட்டு நான் முத்திரை வைக்க முடியாதும்மா. நீ சொல்லாம இருந்திருந்தா வச்சிருப்பேன்."

"தெரியும்."

"திருப்பிக் கட்ட முடியுமா?"

"கல்லூரி தராது. நான்தான் புரட்டணும்."

"புரட்டு. கட்டிட்டா சரியாயிடும்னு சொல்ல மாட்டேன். சில நீதிபதிங்க ஒத்துப்பாங்க, சில பேர் மாட்டாங்க. அந்த வக்கீல்கிட்ட உள்ளதை உள்ளபடி சொல்லு. இன்னிக்கே. உனக்குன்னு அவங்க தனியாக் கடிதம் அனுப்பற வரைக்கும் உன் கெடு ஆரம்பிக்காது. அதுக்குள்ள ஏதாவது வழி இருக்கான்னு பாப்போம்." கவிழ்த்த தாளை எடுத்து ஒரு உறைக்குள் போட்டாள். அதை ஒட்டவில்லை.

வெளியே வந்தார்கள். அப்பா ஒவ்வொரு படியாக இறங்கினார். திட்டினால் நன்றாயிருக்கும் என்று டிக்னாவுக்குத் தோன்றியது. கடைசிப் படியில் நின்று, "அன்னிக்கு மலைக்கு வந்தப்பவே உனக்குத் தெரியுமா, நான் போட்டா உன் தலைல விழும்னு?" என்று கேட்டார்.

"தெரியும்."

"அதான் சீக்கிரம் எழுந்து போயிட்டியா?"

பதிலுக்கு அவர் நிற்கவில்லை. தொப்பியைத் தலையில் அழுத்திக்கொண்டு நடந்தார். அவள் இரண்டடி பின்னால் நடந்தாள்.

தேவாலயத்துக்குப் பின்தெருவில் யாரோ சோளத்தைத் தார்ப்பாய் விரித்துக் காயப்போட்டிருந்தார்கள், பாதித் தெருவை அடைத்துக்கொண்டு. பருவம் தப்பிய தூறல் அப்போதுதான் விழ ஆரம்பித்தது. வயிறு தள்ளிய ஒரு கர்ப்பிணிப் பெண் தனியாக வெளியே ஓடிவந்து, ஒரு ஓரத்தைத் தூக்கினால் மறு ஓரத்தில் சோளம் சிந்த, என்ன செய்வதென்று தெரியாமல் நின்றாள். அப்பா குனிந்து ஒரு முனையைப் பிடித்தார். டிக்னா எதிர்முனைக்குப் போனாள். தார்ப்பாய் கனமாக இருந்தது. இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு, ஒரே நேரத்தில் தூக்கினார்கள். மஞ்சள் மணிகள் நாலா பக்கமிருந்தும் சரசரவென்று நடுவுக்கு உருண்டன. மழை வலுத்தது. "விட்டுடாத" என்றார் அப்பா.