விசாரிக்க வந்த ஆள்

ஜயக்காவை நான் திட்டிய திட்டு இருக்கிறதே, எங்கள் வீதி அதை லேசில் மறக்காது. பெற்ற தாயைக்கூட நான் அப்படி ஏசியதில்லை. ‘உன் வாயில் புழு வைக்க’ என்றே சொல்லிவிட்டேன். இப்போது நினைத்தால் என் நாக்கைத்தான் பிடுங்கிக்கொள்ள வேண்டும்.

முறையாகச் சொல்கிறேன். என் பெயர் நாச்சம்மாள். பிறந்தது ஹனூர்ப் பக்கம் கௌதள்ளி. வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் கன்னடம். இரண்டும் சேர்ந்து என்னைக் கெடுத்து மொழிபெயர்ப்பாளராக்கிவிட்டன. மைசூரில் ஒரு அச்சகத்தில் பிழை திருத்துகிறேன். வீட்டுக்காரர் மாதப்பனுக்கு ஹெப்பாளில் ஃபேக்டரி வேலை, ஷிப்டுதான். வேலை முடிந்து வந்து, சோறு வடித்து, பிள்ளைகளைப் படுக்கவைத்த பிறகு, அடுப்படியில் உட்கார்ந்து ஒரு கனத்த கன்னட நாவலைத் தமிழாக்கிக்கொண்டிருந்தேன். வருஷக்கணக்காகியும் பாதியைத்தான் தாண்டியிருந்தேன். அதைப் போடுவதாகச் சொன்ன கோயமுத்தூர் பதிப்பாளரும், டிசம்பரில் காவிரிக் கலவரம் நடந்ததும், “இந்த நேரத்துல கன்னட நாவலை யாரும்மா வாங்குவாங்க?” என்று கையை விரித்துவிட்டார். ஆனாலும் எழுதுவதை நான் நிறுத்தவில்லை.

அந்தச் சமயத்தில்தான் ஜெர்மனியிலிருந்து கடிதம் வந்தது. அங்கே ஏரிக்கரையில் ஒரு வீடு இருக்கிறதாம். எழுதுகிறவர்களுக்கும் மொழிபெயர்க்கிறவர்களுக்கும் என்றே நடத்துகிறார்கள். அச்சக முதலாளியின் மகள் மேகனா எனக்காக விண்ணப்பம் எழுதிப் போட்டிருந்தாள், கிடைத்துவிட்டது! மூன்று மாதம் தங்கலாம். ஆளுக்கு ஒரு அறை. முடித்த புத்தகத்தை அச்சுப்போடவும் உதவுவார்கள். சோறு அவர்களே போடுவார்கள். அந்த வரியை மட்டும் மேகனாவைத் திரும்பத் திரும்பப் படிக்கச் சொல்லிக் கேட்டேன். ஏப்ரல் முடிவதற்குள் பாஸ்போர்ட் நம்பரை அனுப்ப வேண்டும், அனுப்பாவிட்டால் அந்த அறை வரிசையில் அடுத்தவருக்குப் போய்விடும். நிபந்தனை அது ஒன்றுதான்.

“போயிட்டு வா புள்ள,” என்றார் என் வீட்டுக்காரர். “எனக்குச் சோறாக்கத் தெரியாதாக்கும்? நாலு நாளைக்குக் கருகும், அஞ்சாம் நாள் வெந்துரும்.”

எனக்கு அழுகை வந்துவிட்டது. நாவலை முடித்துவிடுவேன் என்று முதல்முறையாக அன்றைக்குத்தான் நம்பினேன்.

பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போட்டோம். மாசி போய்ப் பங்குனியும் பாதி போனது. விலாசம் விசாரிக்கப் போலீஸ் ஆளும் வரவில்லை, ஒரு தகவலும் இல்லை. பொறுக்கமாட்டாமல் போலீஸ் ஸ்டேஷனுக்கே போய்க் கேட்டேன். சப்-இன்ஸ்பெக்டர் ஃபைலைப் புரட்டினார்.

“அந்த விலாசத்துல அப்படி யாரும் இல்லையேம்மா. எங்க ஆளு வந்தப்ப வீடு பூட்டியிருந்திருக்கு. பக்கத்து வீட்டுல கேட்டதுக்கு, அந்தத் தமிழ்க் குடும்பம் எப்பவோ காலி பண்ணிட்டுப் போயிட்டாங்கன்னு சொல்லியிருக்காங்க.”

பக்கத்து வீடு என்றால் ஜயக்கா. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி இடம் கொடுக்க வேண்டுமே! வீதிமுனையிலிருந்தே கத்திக்கொண்டு வந்தேன்.

ஜயக்கா பேசுவது கன்னடம். என் காதுக்குள் நுழையும்போதே அது தமிழாகிவிடும், தொழில் தோஷம். அவள் பெருமையாகச் சிரித்துக்கொண்டு சொன்னாள்: “ஆமா, ஒருத்தன் வந்தான் நாச்சம்மா. போலீஸ் உடுப்பும் இல்ல, ஒண்ணும் இல்ல. இங்க தமிழங்க வீடு எதுன்னு கேக்கறான். நானா சொல்லுவேன்? அவங்க போய் எத்தனையோ காலமாச்சுப்பான்னு வெரட்டி விட்டுட்டேன்.”

அவள் அப்படிச் சொல்லக் காரணம் இருந்தது. டிசம்பரில் தடியோடு ஒரு கூட்டம் எங்கள் வீதிக்குள் வந்தது. அவள் புருஷன் கேசவமூர்த்தி எங்கள் வீட்டுப் பெயர்ப்பலகையைப் பிடுங்கித் தன் கட்டிலுக்கடியில் போட்டார், அது இன்னும் அங்கேதான் கிடக்கிறது. நாங்கள் நால்வரும் அவர்கள் வீட்டு அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் கிடந்தோம். சின்னவள் இருமிவிடாமல் அவள் வாயை நான் பொத்தியிருந்தேன். வாசலில் இடுப்பில் கை வைத்து நின்று ஜயக்கா அந்தக் கூட்டத்திடம் சொன்னதும் இதேதான். அதனால்தான் நாங்கள் இன்றைக்கு உயிரோடு இருக்கிறோம்.

இதெல்லாம் தெரிந்தும் திட்டினேன். ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டு. “என் குடியைக் கெடுத்துட்டியே பாவி!” என்று கத்தினேன். ‘வாயில் புழு வைக்க’ என்றது அதற்கப்புறம். ஜயக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “வா, போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகலாம்,” என்று செருப்பை மாட்டினாள்.

ஸ்டேஷனில் அவளே பேசினாள். “நான் பொய் சொன்னேன் சாமி. இவ இங்கதான் இருக்கா. இவ எங்க பொண்ணு.”

சப்-இன்ஸ்பெக்டர் சிரித்துவிட்டார். “அன்னைக்குச் சொன்னது பொய்யா, இப்பச் சொல்றது பொய்யா? சரி, இன்னொரு தடவை ஆளை அனுப்பறேன். வீட்டுல இருங்க. இந்தத் தடவையும் ஆள் இல்லைன்னு வந்தா ஃபைலை மூடி அனுப்பிருவேன். அப்புறம் முதல்லேருந்துதான் போடணும்.”

அச்சகத்துக்கு லீவு போட்டு வீட்டோடு கிடந்தேன். ஏப்ரலில் கடைசி வாரம்தான் மிச்சம். முந்தாநாள் ஜயக்கா என் பாஸ்போர்ட்டுக்காக வேண்டிக்கொள்ள நஞ்சன்கூடு கோயிலுக்குப் போனாள், தங்கை வீட்டில் இரண்டு ராத்திரி தங்கிவிட்டு வருவதாகச் சொல்லி. அன்று பார்த்துத் தண்ணீர் விஷயமாக ஊரில் ஏதோ ஊர்வலம். சாயங்காலம் கோஷம் கேட்க ஆரம்பித்தது. வீட்டுக்காரர் இரண்டாம் ஷிப்டில் இருந்தார். பிள்ளைகளை உள்ளே தள்ளிவிட்டு, வாசற்கதவைச் சாத்தப் போனேன்.

ஸ்கூட்டரில் இரண்டு பேர் வந்து நின்றார்கள். சாதாரணச் சட்டை, பேன்ட்தான். ஒருத்தன் இறங்கி வந்து கன்னடத்தில் கேட்டான். “ஏம்மா, தமிழங்க வீடு எது?”

என் வாய் என்னைக் கேட்கவில்லை. “இங்க யாரும் இல்லையேப்பா. அவங்க போய் ரொம்ப நாளாச்சு.” சுத்தமான மைசூர்க் கன்னடம், யாரும் குறை சொல்ல முடியாது.

“நீங்க?”

“நான் ஜயம்மா,” என்று ஜயக்காவின் பெயரைச் சொன்னேன்.

அவன் சட்டைப்பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தான். ஸ்டேஷன் முத்திரை தெரிந்தது. சுவரில் வைத்து ஏதோ எழுதினான். எனக்குப் புரிந்துவிட்டது. ஐயோ, புரிந்துவிட்டது! அவன் ஸ்கூட்டரில் ஏறி உட்கார்ந்து, வண்டி கிளம்பித் திரும்புகிற வரைக்கும் எனக்கு நேரம் இருந்தது. கூப்பிட்டிருக்கலாம். ஆனால் என்னவென்று கூப்பிடுவது? கோஷம் வீதிமுனைக்கு வந்திருந்தது. அந்தத் தமிழச்சி நான்தான் என்று அத்தனை பேர் காதிலும் விழுகிற மாதிரி கத்த வேண்டும். கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுவிட்டு, அந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டிய பிறகுதான் எழுந்தேன்.

நேற்றுக் காலையில் முதல் ஆளாக ஸ்டேஷனில் போய் நின்றேன். ஃபைல் ராத்திரித் தபாலிலேயே பெங்களூருக்குப் போய்விட்டது. “என்னம்மா, விளையாடறீங்களா? இந்தத் தடவை யாரு பொய் சொன்னது?” என்று சப்-இன்ஸ்பெக்டர் எரிந்து விழுந்தார். நான்தான் என்று சொல்ல வாய் வரவில்லை. அவ்வளவுதான், முடிந்தது. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை. அந்த அறையில் வேறு யாரோ போய் உட்காருவார்கள். இந்த நாவல் இனி முடியாது, எனக்குத் தெரியும். எழுதிய தாளை எடுத்துப் பார்க்கவே அருவருப்பாக இருக்கிறது.

இன்று காலை ஜயக்கா நஞ்சன்கூட்டிலிருந்து வந்தாள். பஸ்ஸை விட்டு இறங்கி நேரே இங்கேதான். என் நெற்றியில் குங்குமம் வைத்துவிட்டு, “ஆள் வந்தானா?” என்று கேட்டாள்.

“இன்னும் வரலை அக்கா.”

“வருவான். நஞ்சுண்டேஸ்வரன் கைவிடமாட்டான். இந்தத் தடவை நான் பாத்துக்கறேன் விடு.”

நாற்காலியை இழுத்துவந்து எங்கள் வாசலில் போட்டு உட்கார்ந்துவிட்டாள். புருஷனுக்குச் சோறுகூட ஆக்கவில்லை. பேன்ட் போட்ட எவன் வீதிக்குள் வந்தாலும் எழுந்து நிற்கிறாள். “நாச்சம்மாவையா தேடறீங்க? இருக்கா, இங்கதான் இருக்கா, வாங்க,” என்கிறாள். மின்சாரக் கணக்கு எடுக்க வந்தவரிடம் சொன்னாள். சீட்டுக் கம்பெனிக்காரனிடமும் சொன்னாள். வீதியே சிரிக்கிறது.

இப்போது யாரோ ஒருவரைப் பிடித்து நிறுத்திவிட்டாள் போலிருக்கிறது. “நம்பலையா? நாச்சம்மா, உள்ளேருந்து ஒரு குரல் குடு! நீ இருக்கறது அவருக்குக் கேக்கட்டும்,” என்று கூப்பிடுகிறாள்.

நான் அடுப்படியில் நிற்கிறேன். எனக்குக் குரல் வரவில்லை.