பாதிச் சுற்று

சக்கரம் பாதி சுற்றி நிற்கிறது, கையால் தள்ளினால் ஒரு விரற்கடை நகர்ந்து மறுபடி நிற்கிறது, பதினோரு வருடமாக இப்படித்தான், துணி போட்டு மூடி மேலே பழைய காலண்டர்களை அடுக்கி வைத்திருந்தேன், டெலிபோன் ஆபீசிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு பகல்கள் நீண்டுவிட்டன, ஒற்றைத் தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்தவள் ஏனோ எல்லாவற்றையும் இறக்கிவைத்து, தையல் மெஷினின் தலையைப் பின்பக்கம் சாய்த்துவிட்டேன், கீல் முனகிற்று, இப்போது அதன் அடிவயிறு தெரிகிறது. எல்லோரும் பார்ப்பது மேலே உள்ள கறுப்புப் பூச்சையும் பொன்னிறப் பூவேலையையும்தான், வேலை நடப்பதெல்லாம் இங்கே கீழே, ஊசி துணியைத் துளைத்து இறங்கி, கொஞ்சம் மேலேறும்போது நூல் கூடவே ஏறாமல் பின்னால் சின்ன வளையமாகத் தங்கும், அந்தக் கணம் பார்த்து ஒரு கொக்கி வந்து வளையத்துக்குள் மூக்கை நுழைத்து, அடிநூல் சுற்றிய பாபினைச் சுற்றி அதை இழுத்துப் போகும், மேல்நூலும் அடிநூலும் துணியின் நடுவில் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும், அவ்வளவுதான் ஒரு தையல். அண்ணன் குடும்பம் என்னோடு இருந்த காலத்தில் இதை அவன் மனைவி கிருபா மைனிக்கு ஒருநாள் சக்கரத்தை மெல்ல மெல்லச் சுற்றிக் காட்டுகிறேன், அவள் தரையில் உட்கார்ந்து தலையைச் சாய்த்துப் பார்க்கிறாள், ஏட்டி, ரெண்டு நூலு சண்ட போடாம இருக்கதுக்கு இம்புட்டு இரும்பு வேணுமாக்கும் என்று சிரிக்கிறாள், பருத்த உடம்பு முழுக்கக் குலுங்கும் சிரிப்பு.

மெஷின் நான் வேலைக்குச் சேர்ந்த வருடம் வாங்கியது, ஆனால் அதிகம் தைத்தது மைனிதான், அவள் பெண்களுக்குக் கவுன், எனக்கு ரவிக்கை, பக்கத்து வீட்டுக்குத் தலையணை உறை. ஒரு சாயங்காலம் நான் ஆபீஸ் விட்டு வரும்போது சக்கரம் இறுகி நின்றிருந்தது, மைனி கையைப் பிசைந்துகொண்டு நிற்கிறாள், நான் செருப்பைக்கூடக் கழற்றவில்லை, என்ன மைனி, யான மிதிச்ச மாதிரி மிதிச்சா இரும்பு தாங்குமா, எம் மெஷின முடிச்சிட்டீயளே என்றேன், அண்ணன் வாய்விட்டுச் சிரித்தான், அவன் மட்டும் சிரிக்காமல் இருந்திருந்தால் என்று பிறகு எத்தனையோ தரம் நினைத்திருக்கிறேன். மிதிச்சது நாந்தான், இனி உங்க வீட்டுல எதையும் மிதிக்கல என்றாள் மைனி, அந்த மாதக் கடைசியில் தூத்துக்குடிக்கு வீடு மாற்றிப் போய்விட்டார்கள், நாலு வருடம் கழித்து அண்ணன் இறந்தபோது சவப்பெட்டியின் இந்தப் பக்கம் நான் நின்றேன், அந்தப் பக்கம் அவள், நிமிர்ந்து பார்க்கவேயில்லை.

பல் உடைந்திருக்கும், தண்டு வளைந்திருக்கும், அவள் கனத்துக்கு ஏதாவது முறிந்துதான் இருக்கும் என்று தேடுகிறேன், ஒன்றும் முறியவில்லை, மூட்டுக்கு மூட்டு அரக்கு மாதிரி மஞ்சளாக ஒரு பசை, அதில் பஞ்சுத் தூசி. மெஷின் எண்ணெய் இப்படி இறுகாது, தண்ணீர் மாதிரி வழிந்து போகும். பழைய பல் துலக்கும் பிரஷை மண்ணெண்ணெயில் நனைத்துத் தேய்த்து, ஊறவிட்டு, மறுபடி தேய்த்து, கரைந்து வந்ததை விரலில் எடுத்து மோந்து பார்க்கிறேன், மண்ணெண்ணெய்க்கு அடியில் இன்னொரு வாடை, துவைக்காத தலையணை உறையின் வாடை, சிக்கு வாடை, தேங்காயெண்ணெய். தேங்காயெண்ணெயா, யார், என்று கேட்டுக்கொண்டிருக்கும்போதே என் கை எனக்குத் தெரிகிறது, மைனி அவள் அம்மாவைப் பார்க்க நாசரேத் போயிருந்த வாரம், ஞாயிற்றுக்கிழமை, மெஷின் எண்ணெய்க் குப்பி காலி, கடை கிடையாது, எண்ணெய் எண்ணெய்தானே என்று தலைக்குத் தேய்ப்பதை எடுத்துவந்து ஒரு துளை விடாமல் நானே ஊற்றுகிறேன், அன்று மெஷின் வழுக்கிக்கொண்டு ஓடுகிறது, எனக்குத்தான் எவ்வளவு பெருமை. இரண்டு மாதம் கழித்து அது இறுகி நின்றபோது அதன்மேல் அவள் கால் இருந்தது, அவ்வளவுதான் அவள் செய்தது.

துடைத்து, சரியான எண்ணெயைத் துளைக்கு ஒரு சொட்டாக விட்டுக்கொண்டே வந்தேன், பாதியில் கையைத் துடைத்துவிட்டுப் போனை எடுத்தேன், அண்ணனின் அடக்கத்தன்று அவள் மூத்த மகள் எழுதிக்கொடுத்த நம்பர். யாரு என்றது மைனியின் குரல். நாந்தான் மைனி, பாளையங்கோட்டையில இருந்து. என்னட்டி, யாரும் செத்துப்போயிட்டாவளா என்றாள். இல்ல மைனி, மெஷினப் பிரிச்சேன், நீங்க மிதிச்சு நிக்கல, நாந்தான் தேங்காண்ணெய விட்டுக் கெடுத்திருக்கேன். அங்கே குக்கர் விசில் அடித்து அடங்கியது. இத உங்க அண்ணன் இருக்கையில சொல்லிருக்கணும்ட்டி, அவ்வொ சிரிச்சது இன்னும் எங் காதுல கெடக்கு. ஆமா மைனி என்றேன், வைத்துவிடுவாள் என்று காத்திருந்தேன், இப்ப ஓடுதா என்று கேட்டாள். இன்னும் மிதிச்சுப் பாக்கல. மிதி, கேக்கேன்.

மீதித் துளைகளுக்கும் அவசரமாகச் சொட்டுவிட்டு, போனைப் பலகையில் வைத்து, தலையை நிமிர்த்தி, தோல் வாரை மாட்டி, மிதியில் காலை வைக்கிறேன், சக்கரம் பாதி சுற்றுகிறது, தயங்குகிறது, பிறகு மீதியையும் சுற்றி மறுசுற்றுக்குப் போகிறது, துணியில்லை, நூலில்லை, வெறும் ஊசி ஏறி இறங்குகிறது, மைனி, கேக்குதா என்கிறேன், மெஷின் சத்தத்தில் பதில் எதுவும் கேட்கவில்லை, காலை நிறுத்தினால் அவள் இருக்கிறாளா, வைத்துவிட்டாளா என்று தெரிந்துவிடும், நிறுத்தப் பயமாக இருக்கிறது, மிதித்துக்கொண்டே இருக்கிறேன்.