பிழைக்குள் அடங்கிவிடும்

பொறுமை எனக்குக் கிடையாது. சீனாவின் ஜினான் பல்கலைக்கழகத்தில் எங்கள் கணிதத் துறையில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். காலையில் பிரான்ஸின் தூலூஸ் நகரத்துக்காரர்கள் இருவர் எங்கள் தேற்றத்தையே இணையத்தில் ஏற்றியிருப்பதைப் பார்த்ததும், பாதி கடித்த, எண்ணெயில் பொரித்த யூத்தியாவைக் கையில் பிடித்தபடியே குவாங் தெலினின் அறைக்கு ஓடினேன்.

குவாங் எனக்கு அண்ணன் முறை; ஒரே பேராசிரியரிடம் ஆராய்ச்சி செய்தவர்கள் நாங்கள். குறுகிய இடைவெளிகளில் பகா எண்கள் எப்படிப் பரவிக் கிடக்கின்றன என்று இருவரும் சேர்ந்து எழுதிய கட்டுரை அது. ஒரே ஒரு வரியில் சந்தேகம் என்று அதை வெளியே விடாமல் அடைகாத்துக்கொண்டிருந்தார் மனிதர்.

"போச்சு. இப்ப சந்தோஷமா அண்ணே? ஜூன்ல என் ஒப்பந்தம் முடியுது. இந்தக் கட்டுரை இல்லேன்னா மூட்டையக் கட்டுன்னுடுவாங்க."

"தெரியும். உட்காரு."

"முடியாது."

"சரி, நின்னுக்கிட்டே படி. அவங்க கட்டுரையில பதினோராம் பக்கம்."

படித்தேன். எங்கள் வரியேதான்: 'மீதி பிழைக்குள் அடங்கிவிடும்.' மிச்சம் கணக்கில் எடுக்க வேண்டாத அளவு சிறியது என்று எங்கள் தொழிலில் எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு எழுதுகிற வரி.

"பன்னெண்டுக்கு வகுத்தி எத்தனை?" என்றார் குவாங்.

"விளையாடாதீங்க. மூணுக்கு ரெண்டு, நாலுக்கு மூணு. பெருக்கினா ஆறு."

"நாலை ரெண்டு ரெண்டாப் பிரிச்சா?"

"ரெண்டுக்கு ரெண்டு, இன்னொரு ரெண்டுக்கு ரெண்டு. பெருக்கினா நாலு. ஆனா நாலுக்கு மூணுதானே..." சொல்லும்போதே என் குரல் இறங்கிவிட்டது. பொதுக் காரணி இல்லாத எண்களிடம்தான் இந்தப் பெருக்கல் செல்லும். பொதுக் காரணி உள்ள ஜோடிகளை 'மீதி' என்று ஓரமாகத் தள்ளியிருந்தோம். குவாங் பலகையில் போட்டுக் காட்டினார். அந்த மீதி, விடையளவுக்கே பெரிதாக இருந்தது.

"அப்ப அவங்களது தப்பு," என்று துள்ளினேன்.

"நம்மளதும்."

அறைக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்தேன். இன்றைக்கே ஏற்றினால், இரு தரப்பும் ஒரே சமயத்தில் கண்டதாக எடுத்துக்கொள்வார்கள். ஓட்டை வெளியே தெரிய வருஷமாகும். அதற்குள் வேலை நிரந்தரமாகிவிடும்.

"ஏத்தட்டுமா அண்ணே?"

"உன் இஷ்டம். என் பேரை எடுத்துட்டு ஏத்து."

"நல்லவராவே இருந்து தொலைங்க," என்று கத்தினேன். அவருக்கென்ன, நிரந்தர வேலை. ஆத்திரம் தாங்கவில்லை. அந்த ஆத்திரத்திலேயே அவருடைய கணினியை இழுத்து தூலூஸுக்கு எழுதினேன்: பதினோராம் பக்கத்தைப் பாருங்கள், அது அடங்காது, நாங்களும் அங்கேதான் விழுந்தோம். திரும்பப் படித்தால் மனசு மாறிவிடும் என்று படிக்காமலே அனுப்பினேன்.

கையில் ஒட்டிய எண்ணெயைத் துடைப்பதற்குள் துறைத் தலைவர் போனில் கூப்பிட்டார்.

"ஷூயான், பிரான்ஸ்ல முந்திட்டாங்களாமே. பரவாயில்ல, உங்களதையும் உடனே ஏத்திடுங்க. மத்தியானம் உங்க ஒப்பந்த விஷயமா கமிட்டி கூடுது, நான் பேசிக்கிறேன்."

"அது தப்பு சார். ஓட்டை இருக்கு."

அவர் குரலைத் தாழ்த்தினார். "யாருக்குத் தெரியும்?"

"தூலூஸ்காரங்களுக்கு. இப்பதான் எழுதிப் போட்டேன்."

போனை வைத்துவிட்டார். எனக்கு அழுகை பொங்கிக்கொண்டு வந்தது. குவாங் பலகையில் பாதியை அழித்துவிட்டு நாற்காலியை என் பக்கம் தள்ளினார்.

"இப்பவாவது உட்காரு," என்றார்.

உட்கார்ந்தேன்.