பயன்பட்டதா, படலையா?

தையல் பயிற்சி முடிந்து ஆறு மாதத்தில், அது பயன்பட்டதா என்று பார்க்க ஆள் வருவார்கள் என்று சொல்லித்தான் தையல் மெஷினைக் கொடுத்திருந்தார்கள். கொடுத்த கை கேள்வி கேட்பது உலக வழக்கம்தான். ஆனால் அகதி முகாமில் அந்தக் கேள்விக்கு ஒரு தனி ருசி உண்டு: தராசைப் பிடித்தவனே "சரக்கும் நீதான், ஏறி உட்கார்" என்பான்.

பக்கத்து அறை அக்கா காலையிலேயே வந்து கதவில் சாய்ந்தாள்.

"சம்பாதிக்கிறேன்னு வாய் தவறிச் சொல்லிடாதடி. நிலையான வருமானம்னு எழுதிட்டா அறையைக் காலி பண்ணச் சொல்லிடுவாங்க. கடைசி வரிசை சமையல்காரர் குடும்பம் எங்க போச்சுன்னு நினைக்கிற?"

"எங்க போச்சு?"

"அது தெரிஞ்சா நான் ஏன் பயப்படுறேன்?"

இரண்டு குழந்தைகளோடு வெட்டவெளியில் கழித்த மாதங்களுக்குப் பிறகு கிடைத்த அறை அது. தையல்காரி தைத்துக்கொண்டிருந்ததை அப்படியே போட்டுவிட்டு எழுந்தாள். ஊர்த் துணிக்கடைக்காரன் தைக்கக் கொடுத்திருந்த சீருடைத் துணிகளைக் கணவன் கட்டிலுக்கடியில் தள்ளினான். மெஷின்மேல் போர்வையை இழுத்து விட்டான்.

"பிணத்தை மூடுற மாதிரி மூடாதீங்க. சந்தேகம் வரும்."

மதியம் வந்தவள் சின்னப் பெண். கையில் டேப்லெட், முகத்தில் சிரிப்பு. கடுகடுப்பான அதிகாரியிடம் பொய் சொல்லிவிடலாம். சிரிக்கிறவளிடம்தான் நாக்கு குழறும்.

"போன மாசம் எத்தனை நாள் தைச்சீங்க?"

"ஒரு நாள்கூட இல்லைம்மா. யாரு வேலை தராங்க?"

"ஆமா, யாரு தராங்க?" என்றான் கணவன். ஆமாம் போடுவதில் அவன் கெட்டிக்காரன்.

"அப்ப பயிற்சியால பயன் இல்லைன்னு எழுதட்டுமா?"

"எழுதிக்கோங்க."

"சரி. பயன்படாத வீட்டுலேருந்து மெஷினை எடுத்து வேற ஆளுக்குக் கொடுப்பாங்க. நாளைக்கு வண்டி வரும்."

இதைப் பக்கத்து அறை அக்கா சொல்லவில்லை.

வந்தவளின் விரல் திரையைத் தொடாமல் நின்றது. "அக்கா, உங்க தோள்ல ஊசி குத்தியிருக்கு. நூலோட."

பாதியில் எழுந்தால் ஊசியைத் தோளில் குத்திக்கொள்வது தையல்காரர்கள் பழக்கம். அறை முழுக்கத் துடைத்தவர்கள் அவளைத் துடைக்க மறந்துவிட்டார்கள்.

"அது என் சட்டைக்குப் பட்டன் தைக்க..." என்று ஆரம்பித்தான் கணவன்.

அந்தப் பெண் அவன் சட்டையைப் பார்த்தாள். இரண்டு பட்டன் இல்லை. தையல்காரி வீட்டுச் சட்டைக்கு என்றைக்கு முறை வந்திருக்கிறது?

வந்தவள் குரலைத் தாழ்த்தினாள். "அக்கா, பயன்பட்டதா, படலையா, ரெண்டுல ஒண்ணுதான் நான் தொடமுடியும். நடுவுல கட்டமே கிடையாது."

"பயன்பட்டதுன்னா அறை போயிடுமா?"

"மேல இருக்கிறவங்க முடிவு பண்ணுவாங்க. எனக்கு நிஜமாவே தெரியாது."

மிரட்டியிருந்தால்கூட இவ்வளவு பயம் வந்திருக்காது. தையல்காரி கட்டிலைப் பார்த்தாள், போர்வையைப் பார்த்தாள். அறை, கொடுத்தவன் கேட்டால் போய்விடும். மெஷின் இருந்தால் இன்னோர் அறையைத் தேடலாம். மெஷின் போனால், இந்த அறையில் உட்கார்ந்து அடுத்த கேள்விக்காகக் காத்திருக்கலாம்.

"இருபத்திரண்டு நாள் தைச்சேன். பயன்பட்டதுன்னு எழுதுங்க."

கணவன் அவள் கையை இறுக்கிப் பிடித்தான். வந்தவளின் விரல் திரையைத் தொட்டது. அவ்வளவுதான்.

அந்தப் பெண் போனதும் கணவன் தரையில் உட்கார்ந்துவிட்டான். "என்னடி பண்ணிட்ட? புள்ளைங்களைக் கூட்டிக்கிட்டு எங்க போவோம்?"

"தெரியலை."

போர்வையை உருவிவிட்டு மெஷினில் உட்கார்ந்தாள். அவசரமாக மிதித்ததில் சக்கரம் பின்பக்கமாகச் சுற்றி நூல் அறுந்தது. திரும்பக் கோர்த்தாள். திரும்ப அறுந்தது.

"கடைக்காரன்கிட்ட போங்க. கடைக்குப் பின்னால அறை ஏதாவது வாடகைக்கு வருமான்னு கேளுங்க."

"எவ்வளவு தருவீங்கன்னு கேட்டா?"

"நீங்க வாயைத் திறக்காதீங்க. முதல்ல அவன் சொல்லட்டும்."

அவன் கதவைத் திறந்து, வரிசையின் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, சுவரோரமாக நடந்தான்.