ஏழு முறை 2.42

திங்கட்கிழமை ராகு காலத்தில் பிரம்மநாயகம் அண்ணாச்சி கேட்டு மெஷினில் வருகை அட்டை அடிக்க மாட்டார். அன்றைக்கு ராகு காலம் ஏழரை முதல் ஒன்பது. செம்பூரில் எங்கள் மின்விசிறிக் கம்பெனியில் ஷிப்ட் எட்டு மணிக்கு. புது வாரத்தின் புது அட்டை கைக்கு வருவதும் திங்களன்றுதான். அதனால் அவர் தாராவியிலிருந்து சீக்கிரமே கிளம்பி, சயானில் பஸ் பிடித்து, ஏழரைக்கு முன்னால் அட்டையை அடித்துவிட்டு, கேட்டுக்கு எதிரே டீக்கடையில் எட்டு வரை உட்கார்ந்திருப்பார்.

பிப்ரவரியில் ஒரு திங்கள், என்னைப் பார்த்ததும் கடையிலிருந்தே கத்தினார்.

"ஏலே மிக்கேலு, ஏழு முப்பத்திரண்டுன்னு விழுந்திருக்குலே!"

"லேட்டா வந்திருப்பீங்க அண்ணாச்சி."

"எவம்லே லேட்டு? காலைல ரேடியோச் செய்திக்கு முள்ளைச் சரிபண்ணித்தான் வாட்சைக் கட்டுதேன். நான் அடிச்சது ஏழு இருபத்தாறு."

"ராகு ஆறு நிமிஷம் முந்திட்டான் போல. எங்க கோயில்ல அவனுக்கு வேலையில்ல. பேசாம ஞானஸ்நானம் வாங்கிருங்க."

"சிரிக்கியா? ஒம் தங்கச்சி மாப்ளைய நெனச்சுட்டுச் சிரிலே."

எனக்குச் சிரிப்பு நின்றது. தங்கை சகாயராணியின் கணவன் தனசீலன் இதே கம்பெனியில் டெம்பரரி. ஒரு மாதத்தில் மூன்று முறை அட்டையில் சிவப்பு விழுந்தால் டெம்பரரி ஆளுக்கு வேலை போய்விடும். அவனுக்கு ஏற்கெனவே இரண்டு விழுந்திருந்தன. எட்டுக்கு முன்பே வந்ததாக இரண்டு தடவையும் சத்தியம் செய்தான். நான் நம்பவில்லை.

சிவப்பு எப்படி விழுகிறது என்று எனக்குத் தெரியும்; நான் வயர்மேன். மெஷினுக்குள் ஓடும் நாடாவில் மேல் பாதி நீலம், கீழ்ப் பாதி சிவப்பு. எட்டு மணி தாண்டியதும் ஒரு சிறு சக்கரம் நாடாவைத் தூக்கிவிடும். கைப்பிடியைத் தட்டினால் 'டிங்' என்ற சத்தத்தோடு சிவப்பில் மணி பதியும். அந்தச் சக்கரத்துக்குக் கடிகாரத்தைத் தவிர வேறெதுவும் தெரியாது.

மெஷினில் இருக்கும் அந்தக் கேட்டுக் கடிகாரத்துக்கோ சொந்த புத்தி கிடையாது. டைம் ஆபீஸில் கண்ணாடிப் பெட்டிக்குள் ஊசலாடும் பெரிய கடிகாரம் ஒன்று உண்டு. அது நிமிடத்துக்கு ஒருமுறை கம்பி வழியாக மின்சாரம் அனுப்பும். காந்தம் இழுக்கும், கேட்டில் முள் ஒரு பல் நகரும். சங்குக்கும் அதே கம்பிதான். பெரிய கடிகாரத்தின் பக்கத்தில் ஒரு பட்டன் இருக்கிறது. ஒரு அழுத்துக்குக் கேட்டு முள் ஒரு நிமிடம் முன்னால் ஓடும். பின்னால் தள்ள வழியில்லை. கம்பியில் மின்சாரத்தை நிறுத்திவிட்டு, நிஜ நேரம் வந்து சேரும்வரை காத்திருக்க வேண்டும்.

அண்ணாச்சியின் வாட்சைக் கடன் வாங்கி இரண்டு நாள் ஒப்பிட்டுப் பார்த்தேன். காலையில் கடிகாரம் ஆறு நிமிடம் முந்தி இருந்தது. சாப்பாடு முடிந்து சங்கு ஊதும்போதும் அப்படியே. மாலை ஐந்துக்கு மட்டும் வாட்சோடு அச்சாக ஒத்துப்போனது. அப்படியென்றால் மதியத்தில் எங்கேயோ ஆறு நிமிடம் நிற்கிறது. கம்பெனியில் நூற்று நாற்பது பேர். ஆளுக்கு ஆறு நிமிடம் என்றால் தினமும் பதினாலு மணி நேர வேலை சும்மா கிடைக்கிறது. வெயில்காலத்துக்கு முன் விசிறிகளை அனுப்பியாக வேண்டிய அவசரம் எங்களுக்கும் தெரிந்ததுதான்.

மறுநாள் ஃபியூஸ் பார்ப்பதுபோல் கேட்டில் நின்றேன். 2.42-இல் முள் நின்றது. அதற்கடுத்த நாளும் அங்கேயேதான். மூன்றாம் நாள் என் அட்டையின் பின்பக்கத்தைச் செருகி, நிமிடத்துக்கொரு முறை விரல் அகலம் நகர்த்தி அடித்தேன்.

"க்யா கர்தா ஹை?" என்றார் வாட்ச்மேன்.

"டெஸ்டிங், பாய்."

2.41, பிறகு ஏழு முறை 2.42, பிறகு 2.43.

அடுத்த நாள் காலை, கேட்டுக் கடிகாரத்தில் 8.04-க்குத் தனசீலனின் மூன்றாவது சிவப்பு விழுந்தது. வாட்சில் அப்போது மணி ஏழு ஐம்பத்தெட்டு. நம்பர் பில்லையை வாங்கிக்கொண்டு அவனைக் கேட்டுக்கு வெளியே விட்டார்கள்.

"மச்சான், ராணிகிட்ட நீங்களே சொல்லிருங்க. நான் சொன்னா நம்பமாட்டா. நீங்களே நம்பலயே" என்றான்.

அட்டையோடு டைம் ஆபீஸ் கிளார்க் சுந்தரராமனிடம் போனேன். மாதுங்கா அய்யர். அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஏம்ப்பா, இதுல உன் நம்பர்னா இருக்கு? மெஷின்ல கைவெச்சேன்னு உன்னைத்தான் முதல்ல அனுப்புவா."

"பட்டனை யாரு சார் அமுக்கறது?"

"பெட்டிச் சாவி என்கிட்ட இல்லே." குரலைத் தாழ்த்தினார். "ஒரே ஒரு அட்டைய வெச்சுண்டு இங்கே வரலாமோ?"

அது புத்திமதியா மிரட்டலா என்று எனக்குப் பிடிபடவில்லை. அண்ணாச்சியிடம் சொன்னேன்.

"ஒரு அட்டைன்னா ஒருத்தன் சாவான். எல்லா அட்டையும்னா?" என்றார்.

"அய்யரு மேல சொல்லிட்டா?"

"சொன்னா முள்ளு நிக்காது. நாம கிறுக்கனுவன்னு ஆயிரும்."

திங்கட்கிழமை 2.40-க்கு பிரஸ் செக்‌ஷனில் அறுபது பேர் மெஷினை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கு நடந்தோம். சூப்பர்வைசர் கத்திக்கொண்டே பின்னால் வந்தார். வெளியே கேட்டுக் கம்பிக்கு அந்தப் பக்கம் தனசீலன் நின்றிருந்தான். 2.41. காந்தம் இழுக்கும் 'க்ளக்' சத்தம் கேட்டது. 2.42. அடுத்த 'க்ளக்'குக்காக எல்லோரும் காதைத் தீட்டிக்கொண்டோம். அண்ணாச்சி வாட்சைப் பார்த்தபடியே விரல் மடக்கினார். ஒரு நிமிடம் போயிற்று. முள் அசையவில்லை.

"அடிங்கலே!"

டிங், டிங், டிங். முதல் ஆளிலிருந்து அறுபதாவது ஆள் வரை எல்லா அட்டையிலும் 2.42. சூப்பர்வைசர் கடைசி அட்டையைப் பிடுங்கிப் பார்த்தார். தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். கத்தலை நிறுத்தினார்.

மெஷினில் பழுது என்று நோட்டீஸ் ஒட்டினார்கள். புதன்கிழமை தனசீலனுக்குப் பில்லை திரும்பக் கிடைத்தது. சாவி யாரிடம் இருக்கிறது என்று மட்டும் நோட்டீஸ் சொல்லவில்லை.

அன்று காலை அவன் அட்டையைச் செருகும்போது அண்ணாச்சி தன் வாட்சை மெஷினருகே நீட்டிப் பிடித்தார். நீலத்தில் 7.52. வாட்சிலும் அதுவே.

"இன்னைக்குச் சரியா இருக்கு" என்றார். வாட்சை அவர் கழற்றித் தனசீலனிடம் கொடுத்தார். "சாயங்காலமும் பாத்துட்டு வந்து சொல்லு."