சிவப்பு நூல் கட்டிய பெட்டி

தஸ்நேவிசம்மாள் இறந்த அன்று புதுச்சேரியின் சாரம் பகுதியில் பாதிப் பேருடைய பயம் அவள் வீட்டு உத்தரத்தில், ஓலைப்பெட்டிகளில் தொங்கிக்கொண்டிருந்தது. பெரிய பெட்டிகள் அல்ல, இரண்டு கைக்குள் அடங்கும். தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரையிலிருந்து கல்யாணமாகி வந்தபோது கருப்பட்டி போட்டுக் கொண்டுவந்தவை சில. மற்றவை அவளே முடைந்தவை. துறைமுகத்தில் மூட்டை தூக்கிய புருஷன் சரக்கு இறக்கும் பாலத்திலிருந்து கடலில் விழுந்து செத்த பிறகும் அவள் தெற்கே திரும்பவில்லை. கைக்குழந்தையோடு புதுச்சேரியிலேயே இருந்துவிட்டாள். பெயர் வாயில் நுழையாததால் ஊர் அவளைத் தெக்கத்தியம்மா என்றது. அவள் வீட்டில் உலை எப்போதும் இரண்டு பேருக்குக் கூடுதலாகவே ஏறியது. மாற்றுச்சேலை ஒரு மாதத்துக்கு மேல் தங்கியதில்லை. மழைக்கு ஒண்ட வந்தவர்கள் வெயில் காலம் வரை இருந்தார்கள். இதெல்லாம் மற்ற நல்லவர்களும் செய்வதுதான். பயத்தை வாங்கி வைத்துக்கொண்டது அவள் மட்டும்.

முதலில் கொடுத்தவள் சுண்ணாம்பு விற்கிற தனக்கொடி. இரண்டு பிள்ளைகள் பிறந்த உடனே செத்திருந்தன. மூன்றாவதற்கு வலி எடுத்தபோது பயத்தில் உடம்பு இறுகிக் குழந்தை வர வழியில்லை. தஸ்நேவிசம்மாள் கையிலிருந்த பெட்டியை அவள் வாயருகே பிடித்து, "இதுக்குள்ள ஊதுட்டி" என்றாள். தனக்கொடி ஊதினாள். பெட்டி கனத்தது. மூடியைப் போட்டு, 'அருள்நிறைந்த மரியே' மந்திரம் ஒன்று சொல்லி, கயிற்றில் கட்டித் தொங்கவிட்டாள். குழந்தை பிறந்தது. அதன்பின் ஆட்கள் வரத் தொடங்கினார்கள். பாம்புப் பயம் வந்தது. போலீஸ் பயம் வந்தது. செத்துப்போன மாமியார் மீதான பயம் நிறைய வந்தது. அவள் கூலி வாங்கவில்லை, சாதி கேட்கவில்லை, கும்பிடும் சாமி எது என்று கேட்கவில்லை. எல்லாரிடமும் ஒன்றுதான் சொன்னாள்: "வச்சிருக்கேன். வேணும்னா வந்து வாங்கிக்கிடு." யாரும் வந்து வாங்கவில்லை. பங்குச்சாமியார் ஒருமுறை வந்து அண்ணாந்து பார்த்துவிட்டு, இவ்வளவு பாரத்தை எப்படிச் சுமக்கிறாய் என்று கேட்டார். "சுமக்கது மாதா, சாமி. நான் ஒரு கை பிடிக்கேன், அம்புட்டுதான்" என்றாள். சாமியார் கையை நீட்டி ஒரு பெட்டி கேட்டார். பிறகு மேலிடத்து ஆயர் மீது தனக்கிருந்த பயத்தை ஊதிவிட்டுப் போனார்.

மருமகள் புஷ்பமேரிக்கு அந்தப் பெட்டிகளே பயம். காற்றில்லாத மத்தியானத்திலும் அவை ஆடின. சில விசும்பின. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவள் சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டுதான் சமைத்தாள். உத்தரத்தை நிமிர்ந்து பார்க்காமல் பெருக்கப் பழகினாள். உன் பயத்தையும் கொடுத்துவிடேன் என்று மாமியார் கூப்பிட்டபோது, "பெட்டிங்க மேல இருக்கிற பயத்த எந்தப் பெட்டில அத்தை போடுவீங்க?" என்று கேட்டாள். தஸ்நேவிசம்மாள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

மகன் கிறிஸ்துதாஸ் பஞ்சாலையில் நூற்புப் பிரிவில் வேலை பார்த்தான். பயந்தவன். வெடிச்சத்தம் கேட்டால் காதைப் பொத்துவான், மேஸ்திரி செருமினால் வியர்ப்பான். 1936இல், தவக்காலத்தில், வேலைநேரத்தைக் குறைக்கச் சொல்லி ஆலைத் தொழிலாளர்கள் கூடிப் பேசியபோது அவன் பஞ்சுப் பொதிக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டான். கூட வேலை பார்க்கும் பக்கிரி எட்டிப் பார்த்து, "தாஸு, நீ வூட்டுக்குப் போடா. உங்கம்மா முந்தானைல இன்னும் எடம் இருக்கும்" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். அன்று சாயங்காலம் அவன் அம்மாவிடம் பெட்டி கேட்டான். அவள் முதல்முறையாக மறுத்தாள். "உனக்கு அது வேணும்ல. அது இல்லாம எப்படிலே வீடு வந்து சேருவ?" அவன் விடவில்லை. வாசலுக்கு வந்த யாரையும் வெறுங்கையோடு அனுப்பிப் பழகாதவள், சொந்த மகனை எத்தனை நாள் அனுப்புவாள்? தவக்காலத்தின் கடைசியில், பெரிய வியாழனன்று பெட்டியை எடுத்தாள். அவன் ஊதி முடிக்க வெகுநேரம் ஆயிற்று. சத்தம், அடி, துப்பாக்கி, சாவு என்று முப்பது வயதின் மொத்தமும் வந்தது. மூடி சேரவில்லை. அவன் ஆலையிலிருந்து கொண்டுவந்திருந்த சிவப்பு நூலால் இறுக்கிக் கட்டினாள். மற்ற பெட்டிகள் உத்தரத்தில் தொங்க, இதை மட்டும் மடியில் வைத்துக்கொண்டே இருந்தாள். ஊரார் பயத்தைத் தாங்கிய உடம்பு மகனுடையதைத் தாங்கவில்லை. வைகாசியில் இறந்துபோனாள். "எதையும் பூட்டி வைக்காதட்டி. எல்லாத்தையும் குடுத்துரு" என்பது அவள் மருமகளிடம் கடைசியாகச் சொன்னது.

முப்பதாம் நாள் பூசையன்று இறந்தவர் சாமான்களை ஏழைகளுக்குக் கொடுப்பது வழக்கம். புஷ்பமேரி ஒரு படி அரிசியோடு ஒரு பெட்டி என்று கோயில் வாசலில் எல்லாவற்றையும் கொடுத்துவிட்டாள். சிவப்பு நூல் கட்டியதும் போயிற்று. மூடியைத் திறக்காதீர்கள் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் யாரும் வாங்கமாட்டார்கள் என்று பயந்தாள். வெறும் உத்தரத்தைப் பார்த்ததும் அவளுக்கு மூச்சு வந்தது.

வாங்கியவர்கள் வெற்றிலை வைக்கவும் பருப்பு வைக்கவும் மூடியைத் திறந்தார்கள். ரெட்டியார்பாளையத்து வண்டிக்காரர் ஒருவர் அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு, தனக்குப் பிரசவம் ஆகாது, செத்துவிடுவேன் என்று அழுதார். மாரியம்மன் கோயிலைத் தவிர வேறு கோயில் அறியாத கள்ளுக்கடைக்காரர் ஒருவர் ஆயரை நினைத்து நடுங்கினார். ஊர் இதைப் பேசிச் சிரித்தது. புஷ்பமேரி சிரிக்கவில்லை. அந்த வாரம்தான் கிறிஸ்துதாஸின் இரண்டு விரல் நுனிகளை ஆலை இயந்திரத்தில் ஓடுகிற பெல்ட் எடுத்துக்கொண்டது. கையை இழுத்துக்கொள்ள வேண்டும் என்று அவனுக்குத் தோன்றவில்லை. ஜூலை பதினாலாம் தேதி கடற்கரையில் பிரெஞ்சுக்காரர் தங்கள் தேசிய விழாவுக்குப் பீரங்கி வெடித்தபோது கூட்டம் முழுக்கத் தோளைக் குறுக்கிக்கொண்டது. அவன் மட்டும் இமைக்காமல் நின்றான். ஆலையில் வேலைநிறுத்தம் தொடங்கியது. துப்பாக்கி வரும் என்றார்கள். அவன் கூட்டத்தின் முன்வரிசையில் நின்றான். பக்கிரி இப்போது அவனை அண்ணே என்று கூப்பிட்டான். பயமில்லாதவன் சாகப்போகிறவன் என்பது புஷ்பமேரிக்குத் தெளிவாகத் தெரிந்தது. அவன் பயத்தைத் தேடி எடுத்து அவனிடம் கொடுக்க வேண்டும். அவள் வீடு வீடாக ஏறி இறங்கினாள்.

பெட்டி கருவடிக்குப்பத்தில் ஆயம்மா என்கிற விதவையின் வீட்டில் இருந்தது. சிவப்பு நூல் அறுந்து கிடந்தது. அவள் மகன் காத்தவராயன் சர்க்கார் சிப்பாய். புகையிலை போட்டு வைக்க மூடியைத் திறந்தவன், அன்றிலிருந்து தட்டு விழுந்தால் கட்டிலுக்கு அடியில் போய்விடுகிறான். "உன் வூட்டு சாமானத்த எடுத்துக்கிட்டுப் போம்மா, புண்ணியமாப் போவும்" என்று ஆயம்மா கையெடுத்துக் கும்பிட்டாள். காத்தவராயன் கட்டிலுக்கு அடியிலிருந்து வெளியே வந்தான். ஆறடி ஆள். கண்கள் மட்டும் கிறிஸ்துதாஸின் பழைய கண்களாக இருந்தன. "நாளைக்கு எங்கள ஆலை வாசல்ல நிறுத்துறாங்க அக்கா. துப்பாக்கிய தொட்டாலே கை உதறுது. சீக்கிரம் வாங்கிக்குங்க" என்றான். புஷ்பமேரி பெட்டியை எடுத்து அவன் வாயருகே பிடித்தாள். மாமியார் பிடிப்பது போலவே பிடித்தாள். அவன் மூச்சை இழுத்தான்.

"இது போயிட்டா சுடுவியா?" என்று கேட்டாள்.

"சுடச் சொன்னா சுடணும் இல்ல?"

பயத்தை வாங்கிப் போய்க் கொடுத்தால் புருஷன் நாளைக்கு வீட்டில் இருப்பான். ஆலை வாசலில் நிற்கும் மற்றவர்கள், நடுங்காத துப்பாக்கிக்கு எதிரே இருப்பார்கள். பெட்டியைத் தரையில் வைத்தாள். "அப்புறமா வந்து வாங்கிக்கறேன்" என்றாள். ஆயம்மா தெருமுனை வரை திட்டிக்கொண்டே வந்தாள். புஷ்பமேரிக்கு அது காதில் விழவில்லை. மாமியாராக இருந்தால் ஜெபம் சொல்லிக்கொண்டு நடந்திருப்பாள். அவளுக்குப் பாதி மந்திரத்துக்கு மேல் நினைவு வரவில்லை.

மறுநாள் சுட்டார்கள். சத்தம் சாரம் வரை கேட்டது. காகங்கள் பொழுது சாயும்வரை மரத்தில் இறங்கவில்லை. செத்தவர்களில் பக்கிரியும் ஒருவன். சாயங்காலம் கிறிஸ்துதாஸ் சட்டையெல்லாம் இன்னொருவன் ரத்தத்தோடு வீட்டுக்குள் வந்து கஞ்சி கேட்டான். சிப்பாய் வரிசையில் ஒருவன் மட்டும் துப்பாக்கியைப் போட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்து அழுதானாம். அவனுக்கு நேர் எதிரே நின்றவர்கள் யாரும் சாகவில்லை. கிறிஸ்துதாஸ் அங்கே நின்றிருந்தான். பக்கிரி நின்றது ஓர் ஆள் தள்ளி.

வேலை போன காத்தவராயன் கொஞ்சநாள் கழித்துப் பெட்டியோடு வந்தான். கிறிஸ்துதாஸும் அவனும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். இருவருக்கும் அடையாளம் தெரிந்தது. காத்தவராயன் ஊதினான், மூடினான், எழுந்து போனான். பெட்டி புருஷனுக்கும் பெண்சாதிக்கும் நடுவில் இருந்தது. எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லப் புஷ்பமேரி வாயைத் திறந்தாள், சொல்லவில்லை. கிறிஸ்துதாஸ் தானாகவே பேசினான். "பக்கிரி என் மேலதான் சாஞ்சான். எனக்கு ஒண்ணுமே ஆவல. கஞ்சி குடிச்சேன். அது நல்லா இல்ல புஷ்பம்." மூடியைத் திறந்து முகத்தை உள்ளே வைத்தான். பிறகு பக்கிரிக்காக விடியும்வரை அழுதான்.

ஆகஸ்டு பதினைந்தில் மாதா தேர் புறப்பட்டபோது அதிர்வேட்டு போட்டார்கள். கிறிஸ்துதாஸ் துள்ளி, கையிலிருந்த பொரியை எல்லாம் கொட்டிவிட்டு அவள் தோளைப் பிடித்துக்கொண்டான். "இன்னா சத்தம்டி இது!" பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். பிடித்த கை விரல்நுனி இல்லாத கை. அது உதறிக்கொண்டிருந்தது. உதறட்டும் என்று புஷ்பமேரி அசையாமல் நின்றாள்.

வண்டிக்காரர், கள்ளுக்கடைக்காரர் என்று ஒவ்வொருவராகப் பெட்டிகளைத் திருப்பிக் கொண்டுவந்தார்கள். அவற்றில் ஊதிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். உத்தரம் மறுபடி ஆடத் தொடங்கியது. புஷ்பமேரி சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு சமைத்தாள். ஒருநாள் காலை பக்கிரியின் பெண்சாதி செல்வாம்பாள் வாசலில் வந்து நின்றாள். இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு இனி எப்படி என்பதுதான் அவள் பயம். புஷ்பமேரி சிவப்பு நூல் பெட்டியை இறக்கினாள். அது காலியாக இருந்தது. ஊதச் சொன்னாள், மூடினாள், இந்தமுறை மந்திரத்தை முழுக்கச் சொன்னாள்.

"வச்சிருக்கேன். வேணும்னா வந்து வாங்கிக்கோ" என்றாள். செல்வாம்பாள் தெருவில் இறங்கிக் கொஞ்சதூரம் போன பிறகு, வாசலுக்கு ஓடிவந்து இன்னொருமுறையும் கூப்பிட்டு அதையே சொன்னாள்.