நாத்தனாரின் முப்பத்திரண்டு

அளவெடுக்கக் கைகளைத் தூக்கச் சொன்னால் பெண்களுக்கு வாயும் கூடவே திறந்துகொள்ளும். முதுகு வலிக்கு என்ன செய்யலாம், மேலாளரிடம் லீவு எப்படிக் கேட்பது, மகன் கணக்குப் படிக்கட்டுமா வரலாறு படிக்கட்டுமா, வாயே திறக்காத புருஷனை எப்படிப் பேசவைப்பது. எல்லாம் என்னிடம்தான் கேட்பார்கள். நான் பத்தாவது வரை படித்த தையல்காரி. ஆனாலும் ஒரு கேள்விக்குக்கூட இதுவரை ‘தெரியாது’ என்று சொன்னதில்லை. வாயில் குண்டூசியைக் கடித்துக்கொண்டே பதில் சொல்லியிருக்கிறேன்.

எனக்கு இன்னொரு பழக்கமும் உண்டு. இடுப்பளவை உரக்கச் சொல்லும்போது இரண்டு மூன்று இஞ்ச் குறைத்துத்தான் சொல்வேன். நோட்டில் எழுதுவது சரியான அளவு, துணியை வெட்டுவதும் அதை வைத்துத்தான். வாய் சொல்வது அவர்கள் மனசுக்கு, கை எழுதுவது உடம்புக்கு. இதில் யாருக்கு என்ன நஷ்டம்?

அதிக லாபம் பார்த்தவர் என் நாத்தனார். என் கணவருக்கு அக்கா, பள்ளித் தலைமை ஆசிரியை, அதிலும் கணக்கு டீச்சர். நான் கடை போட்ட வருஷம் முதன்முதலாக அவரை அளந்தபோது நிஜமாகவே முப்பத்திரண்டு. பிறகு இருபது வருஷத்தில் இடுப்பு தன் பாட்டுக்கு முப்பத்தெட்டுக்குப் போய்விட்டது. என் வாய் மட்டும் முப்பத்திரண்டிலேயே நின்றுகொண்டது. கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். என் புளுகு இருபது வருஷம் ஓடியதற்குக் காரணம், கடையில் தொங்குகிற உடுப்பை அவர் தொடமாட்டார், எல்லாம் என் தையல்தான். யார் வீட்டுக்குப் போனாலும், “எனக்கு இன்னும் முப்பத்திரண்டுதான், வேணும்னா என் தம்பி பெண்டாட்டியைக் கேளுங்க” என்று என்னைச் சாட்சிக்கு இழுப்பார். நானும் பூம்பூம் மாடு மாதிரி தலையை ஆட்டுவேன்.

வினை போன வருஷம் தொடங்கியது. புதிதாகத் தைத்துக் கொடுத்த ஸ்கர்ட் இரண்டே மாதத்தில் திரும்பி வந்தது.

“ஏம்மா, இது இடுப்புல நிக்கவே மாட்டேங்குது. உன் கைக்கு என்ன ஆச்சு?”

பிடித்துத் தைத்துக் கொடுத்தேன். அடுத்த ஸ்கர்ட்டும் திரும்பி வந்தது, அதற்கடுத்ததும் வந்தது. கடையில் நாலு பேர் உட்கார்ந்திருக்கும்போது கணக்கு டீச்சர் கரும்பலகை இல்லாமலேயே நிரூபித்துக் காட்டினார்.

“என் அளவு இருபது வருஷமா மாறல. அப்ப மாறினது எது? உன் தையல்.”

பள்ளியிலும் அதையே சொல்லியிருக்கிறார். அங்கிருந்து வந்துகொண்டிருந்த இரண்டு டீச்சர்கள் அடுத்த தெருத் தையற்காரரிடம் துணியைக் கொண்டுபோய்விட்டார்கள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. உண்மையைச் சொன்னால் நான் பொய்க்காரி, சொல்லாவிட்டால் தைக்கத் தெரியாதவள். சொந்தக் காசில் வைத்துக்கொண்ட சூனியத்தை யாரிடம் போய்ச் சொல்ல?

போன திங்கட்கிழமை மறுபடி வந்தார். அடுத்த வாரம் அவருக்கு ஓய்வு பெறும் விழா, அதற்குக் கருநீலத் துணி. வந்ததும் என் தண்ணீர் பாட்டிலை ஒரே மூச்சில் காலி செய்துவிட்டு இன்னொன்று கேட்டார்.

“ராத்திரி நாலு தடவை பாத்ரூமுக்கு எழுந்திரிக்கிறேன். மாடிப்படி ஏறினா கால் துவளுது. ஏன்னு தெரியல.”

“ரிட்டயர் ஆகப்போற கவலை அண்ணி. வேற ஒண்ணுமில்ல, மனசை லேசா வெச்சுக்கோங்க” என்றேன், ஊசியில் நூல் கோத்தபடியே.

டேப்பைச் சுற்றிப் பிடித்து வழக்கம்போல “முப்பத்திரண்டு” என்றேன். எழுதுவதற்காகக் குனிந்து பார்த்தால் என் கட்டைவிரல் முப்பத்திரண்டிலேயே நிற்கிறது. இன்னொரு தடவை அளந்தேன். அதே முப்பத்திரண்டு.

நோட்டைப் பின்னால் புரட்டினேன். போன ஜூனில் முப்பத்தெட்டு. செப்டம்பரில் முப்பத்தாறரை. டிசம்பரில் முப்பத்தைந்து. பிப்ரவரியில் முப்பத்துமூன்றரை. எல்லாம் என் கையெழுத்து. ஒவ்வொரு தடவையும் கை எழுதும், வாய் முப்பத்திரண்டு என்று பாடும், மூளை அடுத்த துணிக்குப் போயிருக்கும். சேர்த்துப் பார்த்ததே இல்லை. ‘அப்பாடா, என் தையல் கெடவில்லை’ என்றுதான் முதலில் தோன்றியது. வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் அதுதான் தோன்றியது.

அதற்குப் பிறகுதான் நிமிர்ந்து அவரைப் பார்த்தேன். கழுத்தெலும்பு துருத்திக்கொண்டிருந்தது. கைக்கடிகாரம் மணிக்கட்டைத் தாண்டி முழங்கைப் பக்கம் சறுக்கியிருந்தது. இவருக்குப் போய் ரிட்டயர் கவலை என்று பதில் சொல்லியிருக்கிறேனே!

பெஞ்சில் காத்திருந்தவர்களை நாளைக்கு வரச் சொல்லி அனுப்பிவிட்டுத் திரையை இழுத்துவிட்டேன்.

“அண்ணி, உங்க இடுப்பு முப்பத்திரண்டு.”

“தெரிஞ்சதுதானே.”

“இல்ல அண்ணி. இன்னைக்குத்தான் முப்பத்திரண்டு.”

நோட்டை நீட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, விடைத்தாள் திருத்துகிற மாதிரி வரிவரியாகப் பார்த்தார்.

“முப்பத்தெட்டா? யாருது இது?”

“உங்களுது.”

அவர் முகம் போன போக்கைப் பார்க்க முடியாமல் டேப்பைச் சுருட்டினேன், பிரித்தேன், மறுபடி சுருட்டினேன்.

“அப்ப இத்தனை வருஷமா பொய் சொல்லியிருக்கே. வீடு வீடா நான் பெருமையடிச்சப்ப பக்கத்துலயே நின்னு தலையாட்டியிருக்கே.”

“ஆமா அண்ணி. தப்புதான்.”

திட்டப்போகிறார் என்று காத்திருந்தேன். அவரோ திடீரென்று கண்ணாடிப் பக்கம் திரும்பி, வயிற்றை எக்கி, பக்கவாட்டில் தன்னைப் பார்த்துக்கொண்டார்.

“இப்ப நிஜமாவே முப்பத்திரண்டா! ஆறு இஞ்ச் குறைஞ்சிருக்கேனா!”

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

“ஒண்ணும் பண்ணாம ஆறு இஞ்ச் குறையக் கூடாது அண்ணி. டாக்டர்கிட்ட காட்டணும்.”

“அவளவ காசு கொடுத்துக் குறைக்கிறா. எனக்குச் சும்மா குறைஞ்சா உனக்கு ஏன் வயிறெரியுது?”

“நான் சொன்ன பதில் தப்பு அண்ணி. ராத்திரி எழுந்திரிக்கிறது, இந்தத் தாகம், எதுக்கும் எனக்குக் காரணம் தெரியாது.”

‘தெரியாது’ என்று என் வாய் சொல்லி என் காதே கேட்டது அதுதான் முதல்முறை. அவர் மசியவில்லை. நான் கருநீலத் துணியை மடித்து அவர் பையிலேயே திணித்தேன்.

“டாக்டரைப் பாத்துட்டு வாங்க. அதுவரைக்கும் இதுல கத்தரி வைக்கமாட்டேன்.”

“விழாவுக்கு நான் என்னத்தைப் போட்டுக்கிறது?”

“பழசைப் பின் குத்திப் போட்டுக்கோங்க.”

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவரை நான் இப்படி எதிர்த்துப் பேசியதில்லை. பையை வெடுக்கென்று எடுத்துக்கொண்டு போய்விட்டார். தம்பியிடம் போட்டுக்கொடுத்துவிடுவார் என்று அன்று முழுக்க பயந்துகொண்டிருந்தேன். மறுநாள் காலை கடை திறப்பதற்கு முன்பே வாசலில் நின்றார்.

“கிளம்பு. தனியாப் போக எனக்குப் பயமா இருக்கு.”

நோட்டைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு கிளம்பினேன்.

டாக்டர் சின்ன வயதுப் பெண். தலைமை ஆசிரியை அவர் எதிரில் தேர்வு எழுத வந்தவர்போல் விறைத்து உட்கார்ந்தார். தூக்கம், பசி, தாகம் என்று வரிசையாகக் கேள்விகள். எல்லாவற்றுக்கும் “பரவாயில்ல” என்பதே பதில்.

“எடை ஏதாவது குறைஞ்சிருக்காம்மா?”

“இல்ல. எனக்கு எப்பவும் ஒரே அளவுதான்.”

இருபது வருஷமாக நான் ஊட்டி வளர்த்த பொய் என் கண்ணெதிரே எழுந்து நின்று பேசியது. பொறுக்காமல் வாயைத் திறந்தேன். அவர் வகுப்பை அடக்குகிற மாதிரி கையை உயர்த்தினார். நான் அடங்கினேன். பிறகு அவரே என் மடியிலிருந்த பையைத் திறந்து நோட்டை எடுத்தார், கண்ணாடியை மாட்டினார், பள்ளி வளாகம் முழுக்கக் கேட்கிற குரலில் வாசித்தார்.

“போன ஜூன், முப்பத்தெட்டு. செப்டம்பர், முப்பத்தாறரை.”

கடைசி வரி வரைக்கும் விடாமல் வாசித்தார். டாக்டர் எழுதிக்கொண்டே வந்து நிமிர்ந்தார்.

“இவ்வளவு துல்லியமா என்கிட்ட யாரும் சொன்னதில்லம்மா. யார் குறிச்சு வெச்சது?”

“இவதான், என் தம்பி பெண்டாட்டி. வாயைத் திறந்தா பொய். ஆனா எழுத்து சுத்தமா இருக்கும்.”

இத்தனை வருஷத்தில் அவர் எனக்குப் போட்ட முதல் மார்க் அது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

விரல் நுனியில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்தார்கள். கருவியைப் பார்த்ததும் டாக்டரின் புருவம் மேலே போனது.

“சுகர் ரொம்ப ஏறியிருக்கு. இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தா பள்ளிக்கூடத்துலயே மயங்கி விழுந்திருப்பீங்க. முழுசா டெஸ்ட் எடுத்துட்டு இன்னைக்கே மருந்து ஆரம்பிக்கலாம். கட்டுப்பாட்டுக்குக் கொண்டுவந்துடலாம், பயப்படாதீங்க.”

வெளியே வந்ததும் அவர் குத்திய விரலில் பஞ்சை அழுத்தியபடி என் தோளைப் பிடித்துக்கொண்டு படி இறங்கினார். கடைசிப் படியில் நின்றார்.

“இதைத் தம்பிகிட்ட சொல்லிடாதே.”

“சுகரையெல்லாம் மறைக்கக் கூடாது அண்ணி. வீட்டுல எல்லாருக்கும் தெரியணும்.”

“சுகரை நானே சொல்லிக்கிறேன்டி. முப்பத்தெட்டைச் சொல்லிடாதே.”